அரசு சாராத ஒருவர்

கூட்ட அறைக்குள் லாரிக்காரர் காலெடுத்து வைத்தால் போதும், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் ஐந்து அதிகாரிகளும் நிமிர்ந்து உட்காருவார்கள். உறுப்பினர் செயலராக இருக்கும் அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "வந்துட்டார் சார், ஆரம்பிக்கலாம்" என்பார். தலைவர் கொட்டாவியைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமுவார். முதல் கூட்டத்திலிருந்தே இப்படித்தான். நெரிசலில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாலும் காத்துக்கொண்டிருப்பார்கள். லாரிக்காரருக்காக அதுவரை யாரும் எதற்கும் காத்திருந்தது கிடையாது. சொந்தக் கல்யாணத்தில்கூடப் பந்தி முந்திவிட்டது. அதனால் வீட்டுக்கு வந்து மனைவியிடம், "நான் போகலேன்னா அவங்க கூட்டத்தையே ஆரம்பிக்க மாட்டாங்க, தெரியுமா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார். அது எவ்வளவு பெரிய உண்மை என்று மனிதருக்கு அப்போது தெரியாது, பாவம்.

வீடு மாற்றுகிறவர்களுக்கு லாரி ஓட்டுவது அவர் தொழில். கட்டில், பீரோ, துவைக்கும் இயந்திரம், பூந்தொட்டி, யாரும் தொடக்கூடாது என்று வீட்டுக்காரம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வரும் கண்ணாடிச் சாமான் எல்லாவற்றையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கீறல் படாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார். லாரி ஒன்றே ஒன்று. வயது பதினாறு. எந்த மேட்டில் மூச்சு வாங்கும், எந்த மழையில் அடம் பிடிக்கும் என்று பெற்ற பிள்ளையைவிட அதை நன்றாகத் தெரியும். பிள்ளை வேறு இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த நேரத்தில்தான் அரசாங்கம் வாகன வரியை மாற்றியமைக்க ஒரு ஆலோசனைக் குழு போட்டது. பதினைந்து வயதைத் தாண்டிய வண்டிக்கு மூன்று மடங்கு வரி போடலாமா என்பதுதான் அந்தக் குழுவின் முன்னால் இருந்த கேள்வி. போட்டால் லாரிக்காரரின் வண்டி அன்றைக்கே பழைய இரும்புதான். அவருடையது மட்டுமா? சிறு லாரி உரிமையாளர் சங்கத்தில் இருந்த இருநூற்று நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேருடைய வண்டிக்கும் அதே கதிதான். குழுவுக்குச் சங்கத்தின் பிரதிநிதியாக ஒருவரை அனுப்பச் சொன்னார்கள். சங்கச் செயலாளர் வேறு யாருமில்லை, லாரிக்காரருடைய மனைவியின் தம்பி. "மாமா, நம்மள்ல கோபப்படாம பேசற ஒரே ஆளு நீங்கதான்" என்று சொல்லி அவரைத் தள்ளிவிட்டான்.

தள்ளிவிடும்போதே ஒரு கட்டளையும் போட்டான். "என்ன வேணா பேசுங்க. ஆனா அவங்க நீட்டற எந்தக் காகிதத்தையும் கையால தொட்டுடாதீங்க."

அதற்குக் காரணம் இருந்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு குழுவில், சங்கத்தின் பழைய தலைவர் ஒரு காகிதத்தை வாங்கிக்கொண்டு 'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைக் காட்டியே சங்கம் ஒப்புக்கொண்டதாக அறிவித்துவிட்டார்கள். அந்தத் தலைவர் இன்றுவரை சங்கத்துப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஆகவே லாரிக்காரர் குழுவுக்குப் போகும்போது சட்டைப்பையில் பேனாகூட வைத்துக்கொள்ள மாட்டார்.

பத்து மாதம் பேசினார். நன்றாகவே பேசினார் என்றுதான் நான் சொல்வேன். வண்டியின் வயதைப் பார்க்காதீர்கள், அது ஓடுகிற தூரத்தைப் பாருங்கள் என்றார். நூறு வண்டி வைத்திருப்பவன் பழசைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்குவான், ஒரே வண்டி வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிறவன் எதைத் தள்ளுவான், தன்னையா என்று கேட்டார். அதிகாரிகள் தலையை ஆட்டினார்கள். செயலர் அம்மாள் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். எழுதி முடித்துவிட்டு, "சரிங்க, பதிவு பண்ணிக்கிட்டேன்" என்பார். அவ்வளவுதான். சுவரோடு பேசியிருந்தாலாவது எதிரொலி கேட்டிருக்கும் என்று லாரிக்காரருக்குச் சலிப்புத் தட்டியது.

எட்டாவது கூட்டத்தில் அறிக்கையின் வரைவு தயாராகி வந்தது. செயலர் அம்மாள் அந்தத் தடித்த காகிதக் கட்டை மேசையின் மேல் அவர் பக்கமாக நகர்த்தி வைத்து, "ஒரு தடவை வாங்கிப் படிச்சுப் பாருங்க" என்றார்.

லாரிக்காரர் இரண்டு கையையும் மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டார். "நீங்களே படிச்சுச் சொல்லுங்கம்மா."

"அப்படிச் சொல்ல முடியாதுங்க. இது ரகசியம். வாங்கிக்கிட்டதா கையெழுத்துப் போட்டவங்ககிட்டதான் இதுல இருக்கறதைப் பத்திப் பேசலாம்னு விதி."

"பாத்தீங்களா, கையெழுத்து!" என்று லாரிக்காரர் சிரித்தார். ஏழு வருடத்துக்கு முந்திய கதை தனக்குத் தெரியாதா என்ன என்கிற சிரிப்பு அது. அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தலைவரைப் பார்த்தார். மென்று விழுங்கிக்கொண்டு கட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டார். ஒன்பதாவது கூட்டத்திலும் இதே கூத்து நடந்தது. அந்தத் தடவை அம்மாள் குரலில் கொஞ்சம் கெஞ்சலும் இருந்தது. இவர் பிடி கொடுக்கவே இல்லை. 'எப்படியாவது என் தலையில கட்டப் பாக்கறாங்க' என்று மச்சினனிடம் வந்து சொன்னார். அவனும் மாமாவின் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டான்.

குண்டைத் தூக்கிப் போட்டவர் அலுவலகத்தின் கடைநிலை ஊழியர். தேநீர்த் தம்ளர்களை எடுக்க வந்தவர், எல்லாரும் போன பிறகு மின்விசிறிக்குக் கீழே வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்த லாரிக்காரரைப் பார்த்து இரக்கப்பட்டுவிட்டார்.

"ஏங்க, உங்களுக்குத்தான் இந்த வரி வேண்டாமே, அப்புறம் ஏன் தவறாம வந்துட்டே இருக்கீங்க?"

"வந்து எதிர்க்க வேண்டாமா?"

"நல்லா எதிர்த்தீங்க போங்க. அரசு சாராத உறுப்பினர் ஒருத்தராவது உக்காந்திருந்தாத்தான் கூட்டம் செல்லும். மூணு பேரைப் போட்டாங்க. பேராசிரியர் வெளிநாட்டுல தன் மகன் வீட்டோட போய் இருந்துட்டாரு. பஸ் கம்பெனிக்காரர் முதல் நாள் போட்டோ எடுத்ததோட சரி, அவரும் ஊர்ல இல்ல. மிச்சம் நீங்கதான். நீங்க வராட்டி இவங்களால ஒரு வரிகூட நிறைவேத்த முடியாது. குழுவோட காலமும் அடுத்த மாசக் கடைசியோட முடியுது."

லாரிக்காரர் காலி நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். பத்து மாதம் காத்திருந்தார்களே, அது மரியாதைக்கு இல்லையா? மனைவியிடம் பீற்றிக்கொண்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து காது மடல் சூடாகியது. தன்னை ஒழிக்கிற கூட்டத்துக்குத் தானே முட்டுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

"மறுத்து எழுதிக் குடுத்தா?" என்று கேட்டார்.

"அதையும் கடைசிப் பக்கமாச் சேத்துத் தைச்சுடுவாங்க. எதிர்க்கருத்தும் கேட்டாச்சுன்னு அறிக்கை இன்னும் கனமாயிடும்" என்று சொல்லிவிட்டு ஊழியர் தம்ளர்களோடு போய்விட்டார்.

பத்தாவது கூட்டத்துக்கு லாரிக்காரர் போகவில்லை. அன்றைக்கென்று ஒரு வீடு மாற்றும் வேலையைப் பிடித்துக்கொண்டார். அவரிடம் சுமை தூக்கும் ஆளுக்குப் பெயரே 'பீரோ' என்றுதான். ஒற்றை ஆளாகப் பீரோவை முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி இறங்குவான். அவன் பாதிப் படியில் வந்துகொண்டிருக்கும்போது கீழே ஜீப் ஒன்று வந்து நின்றது. இறங்கி வந்த அதிகாரி, பீரோவுக்கு அடியில் இருக்கும் மனிதரிடமே, "உறுப்பினர் ஐயா இருக்காருங்களா?" என்று கேட்டார்.

"கொஞ்சம் ஒதுங்கிக் கேளுங்க சார், இது மேல விழுந்தா உங்களுக்கு ஒரு உறுப்புகூட மிஞ்சாது" என்றான் பீரோ.

ஜீப்பைப் பார்த்ததும் வீட்டுக்காரர் மிரண்டுவிட்டார். தன் சாமான்கள் ஏறிய வண்டியில் ஏதோ வில்லங்கம் என்று நினைத்தார். "முதல்ல அவரோட போயிட்டு வந்துடுங்க" என்று அவரே லாரிக்காரரின் தோளைப் பிடித்து ஜீப் பக்கம் தள்ளினார். கூட்டம் நடந்தது. கைலியைக்கூட மாற்றாமல் அந்தப் பளபளக்கும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் லாரிக்காரர். அறிக்கையை இறுதியாக ஏற்க, இருபத்தெட்டாம் தேதி கடைசிக் கூட்டம் என்று முடிவாகியது.

விலகல் கடிதமும் தபாலில் அனுப்பிப் பார்த்தார். 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது. ஏற்கப்படும் வரை தாங்கள் உறுப்பினராகவே கருதப்படுவீர்கள்' என்று மூன்றாம் நாளே பதில் வந்தது. அரசாங்கத்திலிருந்து அவருக்கு அவ்வளவு சீக்கிரம் எந்தப் பதிலும் அதற்கு முன் வந்ததில்லை. அன்றிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. போனாலும் குற்றம், போகாவிட்டால் ஜீப் வரும், ஒளிந்துகொள்ளலாம் என்றால் வாசலில் நிற்கிற லாரியை எங்கே ஒளிப்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழுவின் விதிப் புத்தகத்தை மனைவி எடுத்து வைத்துக்கொண்டாள். முதல் நாள் எல்லா உறுப்பினருக்கும் கொடுத்தது அது. அதற்குக் கையெழுத்து வாங்கவில்லை, அதனால் வீட்டில் இருந்தது. அவள் பள்ளிச் சீருடை தைக்கிறவள். கழுத்தில் அளவு நாடாவோடு, தையல் இயந்திரத்தின் மேலேயே புத்தகத்தை விரித்து, விரலை ஓட்டி ஓட்டிப் படித்தாள். தம்பியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"இங்க பாருங்க. 'உரிமையாளர் தரப்பு உறுப்பினர், வாகன உரிமையாளராக இல்லாது போகும் கணத்திலேயே அவரது உறுப்பினர் பதவி தானாக முடிவுறும்.' யாரும் ஏத்துக்க வேண்டியதில்ல போலிருக்கே" என்றாள்.

தம்பி துள்ளி எழுந்தான். "அப்ப வண்டியை உன் பேருக்கு மாத்திடலாம்க்கா!"

"இருடா. 'தம் பெயரிலோ, கணவன் அல்லது மனைவி பெயரிலோ, பங்காளியாகவோ வண்டி வைத்திருப்பவர் உரிமையாளரே' அப்படின்னு அதுக்கும் அடைச்சு வச்சிருக்காங்க."

"என் பேருல?"

"உன் பேருல மாத்தினா ஏமாத்து வேலைன்னு கண்டுபிடிச்சுடுவாங்க" என்று லாரிக்காரர் மெதுவாகச் சொன்னார். "சங்கச் செயலாளர் நீ. விசாரணைன்னு வந்தா மொத்தச் சங்கத்தையும் இழுப்பாங்க."

மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்துவிட்டது. நிஜமாகவே விற்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவனுக்கு, இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால். அப்போது கடைசிக் கூட்டம் செல்லாது, வேறு ஆளைப் போட நாளும் இருக்காது, குழு அறிக்கை இல்லாமலே கலைந்துவிடும். சங்கத்தில் மற்றவர்களுடைய வண்டியெல்லாம் பிழைக்கும்.

மனைவி புத்தகத்தை மூடினாள். "நான் படிக்காமலே இருந்திருக்கலாம்" என்றாள். பிறகு, "அந்த அம்மா ரெண்டு தடவை வாங்கிப் பாருங்கன்னு சொன்னாங்களே. ஒரு தடவை வாங்கித்தான் பாருங்களேன். அப்புறம் விக்கறதைப் பத்தி யோசிக்கலாம்" என்றாள்.

"அக்கா, உனக்கு இந்த அரசாங்கத்துக்காரங்களைத் தெரியாது" என்றான் தம்பி. லாரிக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். அவள் நூலைக் கோத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தாள்.

விற்றார். வாங்கினவன் செங்கல் ஏற்றுகிறவன். வண்டியைச் சுற்றி வந்து சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். லாரிக்காரருக்குத் தன் விலாவில் உதைத்த மாதிரி இருந்தது. மேட்டில் ஏறும்போது இரண்டாவது கியரில் அவசரப்படுத்தாதே என்று சொல்லிக் கொடுக்கப் போனார். அவன் "எல்லாம் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து ஒரே மிதியில் கிளப்பிக்கொண்டு போனான். லாரிக்காரர் தெரு முனையில் நின்று அழுதார். கண்ணில் தூசி விழுந்தது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. நன்றாகவே அழுதார். பீரோ பக்கத்தில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தான். அந்தக் கை கனமான கை, தட்டினால் வலிக்கும். அவர் வேண்டாமென்று சொல்லவில்லை.

இருபத்தெட்டாம் தேதி காலை லாரிக்காரர் பேருந்தில் போய் இறங்கினார். வெளி வாசலில் மச்சினனும் பீரோவும் சங்கத்தார் ஐம்பது அறுபது பேரும் காத்திருந்தார்கள். மூன்றாவது மாடிக்குப் போய், உரிமை மாற்றச் சான்றிதழைச் செயலர் அம்மாளின் முன்னால் வைத்தார். அந்த மேசையில் அவர் வைத்த முதல் காகிதம் அதுதான்.

அம்மாள் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். முகத்தில் இரத்தம் வற்றிவிட்டது. பக்கத்தில் இருந்த தலைவரிடம் நீட்டினார். தலைவருக்கு அன்றைக்குக் கொட்டாவி வரவில்லை.

"அப்ப நீங்க இங்க உக்காரக் கூடாதே!" என்று அவர் மேசையைத் தட்டினார்.

"தெரியுங்க. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார் லாரிக்காரர். இந்த ஒரு வாக்கியத்தைப் பேருந்தில் வரும்போது முப்பது தடவை சொல்லிப் பார்த்திருந்தார். நன்றாகவே வந்தது. தலைவர் எழுந்து போய்விட்டார். குழு கலைந்தது.

அவர் தாழ்வாரத்தில் பாதி தூரம் போயிருப்பார். பின்னாலிருந்து செருப்புச் சத்தம் ஓடி வந்தது. செயலர் அம்மாள். கையில் அந்தத் தடித்த கட்டு.

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?" அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. "இனிமே இது ரகசியமும் இல்ல, அறிக்கையும் இல்ல. வெறும் காகிதம். இப்பவாவது படிங்க."

நாற்பத்தோராம் பக்கத்தை விரித்து அவர் கையில் திணித்தார். லாரிக்காரருக்குக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. படித்தார். 'ஒரே ஒரு வாகனத்தை உடைமையாகக் கொண்டு அதைத் தாமே இயக்குவோருக்கு இவ்வயது வரி பொருந்தாது. அன்னாருக்குப் பழைய வரியே நீடிக்கும். சிறு சரக்கு வாகன உரிமையாளர் பிரதிநிதி முன்வைத்த வாதங்களைக் குழு முழுமையாக ஏற்கிறது.' அதற்குக் கீழே இரண்டு பக்கத்துக்கு அவர் பேசியதெல்லாம் இருந்தது. ஒரு சொல் விடவில்லை. தன்னையே தள்ளுவானா என்று கேட்டது கூட இருந்தது, கொஞ்சம் மரியாதையான மொழியில்.

"தலைவர் ஒத்துக்கவே இல்ல. எட்டு மாசம் மல்லுக்கட்டி உள்ள நுழைச்சேன். உங்ககிட்ட வாயைத் திறந்து சொன்னா என் வேலை போயிடும். வாங்கிப் பாருங்க, வாங்கிப் பாருங்கன்னு மட்டும்தான் என்னால சொல்ல முடிஞ்சுது."

"இப்ப... வரி பழையபடியே இருக்குமில்லம்மா? குழுதான் கலைஞ்சு போச்சே?"

"குழு அறிக்கை குடுக்கலேன்னா துறையே முடிவு பண்ணலாம். துறை எப்பவோ ஆணை எழுதி வச்சுட்டுக் காத்துட்டிருக்கு. பதினஞ்சு வயசுக்கு மேல எல்லா வண்டிக்கும் மூணு மடங்கு. ஒத்தை வண்டிக்காரங்களுக்கு விலக்குன்னு அதுல ஒரு எழுத்து கிடையாது. ஒண்ணாந் தேதியிலேர்ந்து அமலுக்கு வருது."

லாரிக்காரர் கட்டை அம்மாள் பக்கம் நீட்டினார். "நான் இப்ப கையெழுத்துப் போடறேன். பேனா குடுங்க."

"நீங்க உறுப்பினர் இல்லீங்களே" என்றார் அம்மாள். அழுதுவிடுவார் போலிருந்தது. கட்டை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மூன்று மாடிப் படியையும் லாரிக்காரர் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. எப்படிச் சொல்வது, யாரிடம் முதலில் சொல்வது என்று ஒவ்வொரு படியிலும் யோசித்தார். மச்சினனை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று கடைசிப் படியில் முடிவு செய்தார். அதற்குள் தேநீர் கொடுக்கிற ஊழியர் முந்திக்கொண்டு வாசலுக்கு ஓடிப்போய், குழு கலைந்துவிட்டது என்று சங்கத்தாரிடம் சொல்லிவிட்டார்.

அவர் தலை தெரிந்ததும் வாசலே அதிர்ந்தது. மச்சினன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். அவன் கன்னமெல்லாம் கண்ணீர். "மாமா, எங்க எல்லாரோட வண்டியையும் காப்பாத்திட்டீங்க மாமா!"

"டேய், ஒரு நிமிஷம் இருடா. கேளு..."

யார் கேட்டார்கள்? இரண்டு பக்கமும் கைகள் வந்தன. பீரோ குனிந்து ஒரே தம்மில் அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டான். பீரோவின் தோளிலிருந்து அவன் இறக்கினாலொழிய எதுவும் இறங்காது. கீழே பார்த்தால் தெரிந்த முகங்கள், எல்லாம் ஒற்றை வண்டிக்காரர்கள். ஒருவர் தன் மகளுக்குப் போன் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் அண்ணாந்து பார்த்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"இறக்கி விடுங்க! நான் சொல்றதைக் கேளுங்க, இறக்கி விடுங்கப்பா!" என்று லாரிக்காரர் கத்தினார்.

"பாத்தியா, எவ்வளவு அடக்கம்!" என்று யாரோ சொன்னார்கள். சத்தம் இரண்டு மடங்கானது. பீரோ அவரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெருவுக்குள் நடக்க ஆரம்பித்தான்.